மூன்று லிட்டர் குக்கர்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்கு வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே சசிரேகா ஒன்றைக் கவனித்துவிட்டாள். கடைக்கு வருகிறவளுக்குத் தன் முன்னால் பிரித்துப் போட்ட புடவை பிடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் மடியில் கிடக்கும் புடவைதான் பிடிக்கிறது. அவள் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டால், இவளுக்கும் அதன் மேலிருந்த ஆசை போய்விடுகிறது. இதை மற்றவர்களுக்கு நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பாள். அந்தப் பக்கத்து மடி ஒருநாள் தன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. மானாம்பதியில் வீடு. கணவன் சுப்ரமணிக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத்துக்கு அறுப்பு மிஷின் பேசி அனுப்புவதும் அவன்தான். சசிரேகா காலையில் வந்தவாசியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி உத்திரமேரூர் வழியாகக் காஞ்சிபுரம் போவாள், இருட்டுவதற்குள் அதே வழியில் திரும்புவாள். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள், போனில் படம் பார்ப்பார்கள். அவள் பிறர் பேசுவதைக் கேட்பாள். கேட்டதை மனத்துக்குள் திருத்துவாள். ஒருத்தி தன் மருமகளைத் திட்டினால், அந்த மருமகள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போன நாட்களும் உண்டு.

இப்படித் திருத்திய கதைகளைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. அதன் பெயர் வாய்க்கால். கதை சொல்கிறவர்கள், பாடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் தாங்கள் செய்ததைப் போனிலிருந்தே ஏற்றும் இடம். அதற்கு முதலாளி கிடையாது. ஒவ்வோர் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு கணினி வாங்கி, தங்கள் ஊர் ஆட்களின் பக்கங்களை அதில் வைத்துத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஊருக்கு ஊர் இருப்பதை மடை என்பார்கள். மடைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் உத்திரமேரூர் மடையில் ஏற்றியதை வந்தவாசியிலும் கேட்கலாம், எங்கிருந்தும் கேட்கலாம். ஒரு மடையில் ஒழுங்கு கெட்டால் மற்ற மடைக்காரர்கள் அதோடு உள்ள இணைப்பை அடைத்துவிடுவார்கள். மேலே ஒருவரும் இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்தான் பயம். ஊர் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் கஷ்டமாக இல்லை.

உத்திரமேரூர் மடை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் அரவிந்தனின் மாடியறையில் இருந்தது. ஏனாத்தூர் கல்லூரியில் படித்த பையன், கணினியை அவன் பார்த்துக்கொண்டான். ஆனால் புகார் வந்தால் யார் விசாரிப்பது என்ற கேள்வி எழுந்தபோது உரக்கடை தாண்டவராயன் குறுக்கே வந்தார். ஏரிக்கு வரும் பறவைகளைப் படம் பிடித்துப் போடுகிறவர் அவர்.

"நம்ம ஊர்ல இருந்துக்கினு போன்ல பட்டன் தட்டி ஆள் எடுக்கறதா? மானம் போவும்பா. குடத்துல ஓலைய போட்டு எடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னயே நம்மாளுங்க எடுத்தாங்க."

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. ஊரில் இருக்கும் அந்தக் குடவோலைக் கல்வெட்டு நீளமானது. யார் பெயரைக் குடத்தில் போடலாம், யார் பெயரைப் போடக்கூடாது என்று அது விரிவாகப் பேசுகிறது. இவர்கள் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். ஓலை நறுக்குகள் மட்டும் நிஜமான பனையோலை. தாண்டவராயனே வெட்டிக்கொண்டு வந்தார். புகார் வரும்போதெல்லாம் மடை ஆட்களில் மூன்று பெயர் எடுப்பது, அந்த மூவர் சொல்வதே முடிவு என்று ஏற்பாடு.

சசிரேகா அந்த மடையில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி. ஒரு கதையைப் பல நாட்கள் சொல்லிப் பார்ப்பாள். சுப்ரமணி வயலுக்குப் போனபின் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்வாள். தடுக்கிய இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். கேட்பவர்கள் அதிகமில்லை. இருந்தாலும் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று எண்ணிக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் அருகில் இல்லாதவரைக்கும் அப்படி எண்ணுவது சுலபமாக இருந்தது.

கொழுந்தன் மனைவி கீதா செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு சமையலறை, ஒரே குழாயடி. சாயந்திரம் இருவரும் பாத்திரம் தேய்க்கும்போது கீதா கேட்பாள்:

"இன்னாக்கா, இன்னிக்கு பஸ்ல யாரு யார அடிச்சாங்க?"

சசிரேகா சொல்வாள். கீதா சிரித்துக் கையிலிருந்த தட்டை நழுவவிடுவாள். இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் சசிரேகாவுக்கும் சந்தோஷம்தான். தன் பழைய போனைக் கொடுத்து, வாய்க்காலில் கீதாவைச் சேர்த்துவிட்டவளும் அவளே. நான்கு பேர் கேட்பார்கள், பாவம், பொழுது போகட்டும் என்று நினைத்தாள். அந்தப் "பாவம்" என்ற சொல்லில் எவ்வளவு சுகம் இருந்தது என்பது அது போனபிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் சசிரேகா குழாயடியில் இந்தக் கதையைச் சொன்னாள். ஓர் அம்மாள் மகள் வீட்டுக்குச் சீராக மூன்று லிட்டர் குக்கர் கொண்டுபோகிறாள். சம்பந்தியம்மாள் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல யாருக்கு பொங்கறது, எங்க வூட்டு பூனைக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அம்மாள் திரும்பி வரும்போது குக்கரை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்குகிறாள். கண்டக்டர் பின்னாலேயே ஓடி வந்து கொடுக்கிறான். "அது என்னுது இல்லப்பா," என்கிறாள். "நீதானம்மா ஏறும்போது மடியில வெச்சிக்கினு இருந்த?" "என்னுது இல்ல." பஸ் மொத்தமும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கிறது. அவள் கையை வீசிக்கொண்டு நடந்து போகிறாள்.

பஸ்ஸில் சசிரேகா உண்மையில் பார்த்தது ஒரு பழைய ஹாட் பாக்ஸ். ஓர் அம்மாள் அதைத் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சசிரேகா செய்தது.

கீதா தேய்த்த தட்டையே மறுபடியும் தேய்த்தாள். பிறகு, "அக்கா, இத நான் சொல்லட்டா? இல்ல நீ சொல்லப்போறியா?" என்றாள்.

"சொல்லேன். இதுல இன்னா கீது."

அப்படித்தான் கொடுத்தாள். கீதா கதவைச் சாத்தவில்லை, மின்விசிறியை நிறுத்தவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்து, பின்னால் பாத்திரம் உருள, பூனை என்ற இடத்தில் தானே சிரித்துவிட்டு, ஒரே மூச்சில் சொல்லி ஏற்றினாள். யாரிடம் கேட்டது என்று போட வேண்டும் என்பது வாய்க்காலின் விதிகளில் ஒன்று. அதை அவள் படித்ததே இல்லை.

அந்த வாரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் போனிலிருந்து, "எங்க வூட்டு பூனைக்கா?" என்று கீதாவின் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே, "எனக்கும் அனுப்புடி," என்றாள். கடையில் அன்று சசிரேகா ஒரு புடவையைத் தப்பாக மடித்து முதலாளியிடம் பேச்சு வாங்கினாள்.

கீதா எதையும் பறிக்கவில்லை. கேட்டு வாங்கினாள். பறித்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். ஒன்றுமில்லை என்று தூக்கிக் கொடுத்தது பிறர் கையில் மதிப்புப் பெறும்போது வரும் எரிச்சலுக்கு வழக்கும் கிடையாது, சாட்சியும் கிடையாது. சசிரேகா செய்தது வேறு. பெயரில்லாத ஒரு பக்கத்தை உண்டாக்கி, அதிலிருந்து கீதாவின் கதைக்குக் கீழே, "பின்னால் பாத்திரச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது," என்று எழுதினாள். கீதா உடனே பதில் போட்டாள்: "அது எங்க வூட்டு குண்டான். அதுக்கும் ஆசை, பேசட்டும் வுடுங்க." அந்தப் பதிலுக்கும் ஊர் சிரித்தது. இருவரில் அந்தக் குண்டானைத் தேய்த்து வைத்தவள் சசிரேகா.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று சுப்ரமணி கேட்டான்.

"பஸ்ல நின்னுக்கினே வந்தேன்."

"கீதா கதைய கேட்டியா? மிஷின் டிரைவருங்க கூட கேக்கறானுங்க. நம்ம வூட்டு பொண்ணு, பரவால்ல."

"கேட்டேன். நல்லா கீது."

பிறகு புகார் வந்தது. வந்தவாசி மடையிலிருந்து தேவி என்ற பெண் எழுதியிருந்தாள். பஸ்ஸில் ஹாட் பாக்ஸை விட்டுவிட்டுப் போன அம்மாளைப் பற்றி அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு கதை போட்டிருக்கிறாள். அதையே கீதா எடுத்து, பாத்திரத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. திருட்டு என்று முடிவானால் கீதாவின் பக்கத்தை மூடவேண்டும். விசாரிக்காமல் விட்டாலோ வந்தவாசிக்காரர்கள் உத்திரமேரூருக்கான இணைப்பை அடைத்துவிடுவார்கள்.

குடத்தைக் குலுக்கினார்கள். ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்த யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கையை விடச் சொன்னார்கள். முதல் ஓலை தாண்டவராயன். இரண்டாவது, ரவிக்கை டிசைன் போடும் தையல்கடை மேரி. மூன்றாவது சசிரேகா.

அரவிந்தன் தயங்கினான். "அண்ணே, சசிரேகாக்கா கீதாவுக்கு ஓரகத்தி. சொந்தக்காரங்க உக்காரலாமா?"

"குடத்துல வந்தது வந்ததுதான். அத மாத்த நீ யாரு, நான் யாரு?" என்றார் தாண்டவராயன்.

சொந்தக்காரி என்றால் சாதகமாகப் பேசிவிடுவாள் என்பதுதான் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம். ஒரே குழாயடியில் பாத்திரம் தேய்ப்பவர்களைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

விசாரணைக்கு முந்தின சாயந்திரம் கீதா வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"அவங்க கதைய நான் கேட்டதே இல்லக்கா. வூட்ல கேட்டதுன்னு மட்டும் எழுதி குடுத்துட்டேன். உன் பேர சொல்லல. சொன்னா உன்ன எழுப்பி வுட்டுட்டு வேற ஆள போட்டுடுவாங்கன்னு பயம். நீதான் அங்க இருக்கியே, நீயே சொல்லிக்குவ."

"ம்," என்றாள் சசிரேகா.

"பக்கத்த மூடிட்டா எனக்கு பைத்தியமே புடிச்சிடும்க்கா. நாளெல்லாம் இந்த வூட்ல நான் யார்கிட்ட பேசறது?"

சசிரேகா நாரால் குண்டானின் அடியை அழுத்தித் தேய்த்தாள். அவள் பொய் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். மனிதர்கள் செய்யும் கெடுதல்களில் பெரும்பங்கு இந்த வகைதான். கை அழுக்காவதில்லை, செய்ததாக யாரும் சொல்வதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மாடியறையில் உட்கார்ந்தார்கள். கீதா கீழே கடைவாசலில் காத்திருந்தாள். அரவிந்தன் முதலில் இரண்டு கதைகளையும் ஓடவிட்டான். பிறகு தேவி போனில் வந்தாள். குரல் சூடாக இருந்தது.

"கேட்டீங்களா? ஹாட் பாக்ஸ குக்கர் ஆக்கிட்டா அது புது கதையா? என் மாட்டுக்கு வேற கயிறு போட்டு ஓட்டிக்கினு போனா உங்க மாடாயிடுமா?"

"கொஞ்சம் பொறும்மா," என்றார் தாண்டவராயன். "வூட்ல கேட்டேன்னு எழுதிக் கீது. எந்த வூட்ல, யார்கிட்ட? ஒண்ணும் இல்ல. ஏம்மா சசிரேகா, உனக்கு இன்னா தோணுது?"

"நீங்க சொல்லுங்கண்ணே."

"பாவம், உங்க வூட்டு பொண்ணு. சங்கடமாத்தான் இருக்கும்."

"சங்கடம் பாத்தா ஆவுமா?" என்றாள் மேரி. "என் டிசைன பாக்கறவங்கள்ல பாதி பேரு வந்தவாசிக்காரங்க. அவங்க அடைச்சிட்டா நான் யாருக்கு காட்டறது? மூடிடலாம். கொஞ்ச நாள் போனா வேற பேர்ல வரட்டும்."

தாண்டவராயன் தலையாட்டினார். மூன்றில் இரண்டு ஆயிற்று. சசிரேகா ஜன்னல் வழியாக பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அது தனக்கே பிடிக்காத நிம்மதி, ஆனாலும் நிம்மதிதான். நாளையிலிருந்து பஸ்ஸில் அந்தக் குரல் கேட்காது.

மூன்று ஓலைகளையும் மறுபடி குடத்துக்குள் போட்டபடி தாண்டவராயன் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணு சொல்லணும். பேஜாரு இன்னான்னா, அந்த பொண்ணு எடுத்தாலும் நல்லா எடுத்துக்கீது. வந்தவாசியம்மா கதையில டப்பா வெறும் டப்பா. இது மூணு லிட்டர் குக்கர்னு சொல்லுது பாரு, அங்கயே அந்த சம்பந்தியம்மா மூஞ்சி தெரியுது. பூனைக்கான்னு கேக்குது பாரு! கீதாவுக்கு மூளைன்னா மூளைதான்."

"அது என் குக்கர்," என்றாள் சசிரேகா.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னாது?"

"குக்கர் என்னுது. மூணு லிட்டரும் என்னுது. பூனையும் என்னுது. அவளுக்கு இன்னா மூளை? நான் சொன்னத அப்டியே சொன்னா. பஸ்ல பாத்தது நான். ஹாட் பாக்ஸ குக்கர் ஆக்கினது நான். வூட்டு குழாயடியில குந்திக்கினு அவளுக்கு சொன்னதும் நான்!"

அவள் எழுந்து நின்றிருந்தாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"எந்த பஸ்ஸு?" என்றாள் தேவி போனில்.

"காஞ்சிபுரத்துல இருந்து வர்ற சாயந்தர பஸ்ஸு. கண்டக்டருக்கு தொண்ட கட்டிக்கினு இருந்துது."

"அந்தம்மா எறங்கினது?"

"மானாம்பதிக்கு முன்னாடி ஸ்டாப்பு. நானும் அவசரத்துல அங்கயே எறங்கிட்டேன், பின்னால போயி கேக்கலாம்னு. கேக்கல."

"ஐயோ, புடவகட பைய மார்ல அணைச்சிக்கினு எறங்கினது நீங்களா? நான் பின் சீட்ல இருந்தேன்." தேவியின் குரல் மாறிவிட்டது. "அப்டின்னா... சம்பந்தியம்மான்னு யாரும் இல்லியா? நான் உங்க கதைய கேட்டுட்டு, ஓகோ அதான் அந்தம்மா அப்டி பண்ணிச்சு போலன்னு நெனச்சிக்கினேன். அன்னிக்கி ராவெல்லாம் அந்த சம்பந்திய திட்டினேங்க!"

இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கதைசொல்லிக்குக் கிடைப்பது கடினம். அது முழுக்கச் சசிரேகாவுக்கானது, வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. ஆனால் தேவி கேட்டது கீதாவின் குரலில் என்பது உடனே நினைவுக்கு வந்தது. வந்த சந்தோஷம் பாதியில் நின்றது.

தேவி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். கதைக்குக் கீழே "பஸ்ஸில் பார்த்தவர்கள்: வந்தவாசி தேவி, மானாம்பதி சசிரேகா. கதை: சசிரேகா" என்று கீதா போடவேண்டும் என்று முடிவாயிற்று. இனிமேல் சம்பந்தப்பட்டவருக்குச் சொந்தமானவர்களின் ஓலை குடத்துக்குள் போகக்கூடாது என்று அரவிந்தன் விதியில் சேர்த்தான். இந்த முறை மட்டும் அந்த விதி இல்லாமற்போனது நல்லதாயிற்று என்றும் சொன்னான்.

"பாத்தியா மேரி," என்றார் தாண்டவராயன், "சொந்தத்த வுட்டுக்குடுக்காம எழுந்து நின்னா பாரு. இதான் குடும்பம்."

சசிரேகா மறுக்கவில்லை. நல்லெண்ணம் ஒரு வாரமாக அவளுக்குள் இருந்தும் வாய் திறக்கவில்லை. பொறாமைதான் திறந்தது. செய்தது சரியானது என்று சொல்லலாம். அதற்குமேல் அவளுக்காக ஏதும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே சுத்தமாக இருந்துகொண்டு கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட அவள் ஒரு படி மேல் என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம்.

கீழே வந்தபோது விஷயம் அவளுக்கு முன்பே இறங்கியிருந்தது. ஸ்கூட்டியருகே நின்றிருந்த கீதா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"உன் பேர போட்டுட்டேன்க்கா. அப்பவே போட்டிருக்கணும், எனக்கு தெரியல. கீழ எத்தினி பேரு வந்து இன்னா எழுதிக்கீறாங்க பாரு, 'இவங்கதானா அது'ன்னு."

சசிரேகா போனை வாங்கிப் பார்த்தாள். கீதாவின் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் தன் பெயர். கீதாவின் கதை முன்னைவிட வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. தான் பேசியதுதான் அதற்கும் காரணம்.

"ஏன்க்கா, இனிமே ரெண்டு பேரும் சேந்து சொன்னா இன்னா? நீ ஒருத்தி பேசறது, நான் இன்னொருத்தி பேசறது. நீ சம்பந்தியம்மா, நான் அந்த அம்மா."

செங்கல்பட்டு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது. சசிரேகா அது போகும்வரை காத்திருந்தாள்.

"என் பேரு முதல்ல வரணும்," என்றாள்.

சொன்னபின் அதற்கான நியாயங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டாள். மூத்தவள். முதலில் சேர்ந்தவள். கதை அவளுடையது. போன்கூட அவளுடையது. கீதா தயங்கினால் ஒவ்வொன்றாகச் சொல்லலாம்.

"வெச்சிக்கோக்கா, பெரிய எழுத்துல போட்டுக்கலாம்," என்று கீதா சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். "ஏறு, மாமா பசியில இருப்பாரு."

சசிரேகா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு நியாயமும் செலவாகவில்லை. தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட ஒன்றை இவள் இப்படிச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறாளே, கொடுத்தபின்பும் இவளிடம் எதுவும் குறையவில்லையே என்பதுதான் மானாம்பதி வந்து சேரும்வரை அவளை அரித்துக்கொண்டிருந்தது.